புதுப்பிப்பு: சாப்பாட்டுக் கணக்கு, நடைக் கணக்கு

தினமும் சாப்பிடுவதையும் உடற்பயிற்சியையும் செயலியில் குறிப்பதா, நோட்டில் எழுதுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் செயலி என்றீர்கள். ஆனால் நிலைத்தது நோட்டுதான். செயலியில் அளவைத் தேடி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது!

நேரம், சாப்பிட்டது, "பசியா, சும்மாவா" என்று மூன்றே கட்டம். மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. மாலையில் கொறித்ததற்கெல்லாம் பெரும்பாலும் "சும்மா" என்றுதான் எழுதியிருக்கிறேன். எண்ணெயையும் குறிக்கச் சொன்னவருக்கு நன்றி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான்.

உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம்தான் இலக்கு. வாரக் கணக்கு என்பதால் ஒரு நாள் விட்டாலும் மறுநாள் சேர்த்து நடந்துகொள்ளலாம்.

எடையா? வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில். தினமும் பார்த்தால் உடம்பில் நீர் ஏறி இறங்குவதுதான் தெரியும். அப்புறம், தூக்கத்துக்கும் ஒரு கட்டம் போடலாமா?