பொருள்: ‘சோலைப்பாலம்’ – கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். நம் குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்த கேள்விக்கு இது பதில்:

> நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் மட்டுமான, மரஞ்செடி வளர்த்த பாலத்துக்குப் ‘பசுமைப் பாலம்’ போதுமே ஐயா?

போதாது அம்மா. காட்டுச் சாலையை விலங்குகள் கடப்பதற்காக மேலே மண் பரப்பிக் கட்டும் பாலத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. ஒரு சொல் இரண்டு பொருளைச் சுமப்பது நமக்குப் பழைய தொல்லை. பாம்பனில் கப்பலுக்கு வழிவிட உயர்வது தூக்குப்பாலம். மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தின் புனலூரில் ஆற்றின்மேல் தொங்குவதும் தூக்குப்பாலம். இன்னொரு குழப்பத்தை நாமே உண்டாக்க வேண்டாம்.

‘நடைமேம்பாலம்’ என்றதும் ரயில் நிலையத்தில் மூட்டையோடு ஏறி இறங்கும் படிக்கட்டுதான் கண்முன் வருகிறது. நாம் பெயர் தேடுவது கடப்பதற்கு மட்டுமல்ல, தங்குவதற்கும் ஆன பாலத்துக்கு. 1877இல் கட்டிய புனலூர்ப் பாலத்தில் இன்று வண்டிகள் போவதில்லை. போன மாதம் போயிருந்தேன். கல்லடா ஆற்றுக்கு நேர்மேலே, மரப்பலகையில் நின்று, இரும்புக் கம்பியைப் பிடித்தபடி இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் அக்கரை போய்த் திரும்பும்போதும் அதே இடத்தில், அதே பேச்சு. பொட்டு நிழல் இல்லாத பாலத்திலேயே இப்படி!

ஆகவே ‘சோலைப்பாலம்’ என்கிறேன். நாலு செடிக்குச் சோலை என்ற பெயரா என்று சிலர் தயங்கலாம். சியோலில் 1970இல் கட்டிய மேம்பாலத்தை இடிக்காமல், 2017இல் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதில் சுமார் 24,000 மரஞ்செடிகொடிகள். அவற்றைத் தாவரக் குடும்பப் பெயரின் கொரிய அகரவரிசைப்படி நட்டிருக்கிறார்கள். அகராதிக்காரர்களான நமக்கு அது எவ்வளவு இனிப்பான செய்தி!

வரையறையில் மட்டும் கண்டிப்பு வேண்டும். நனைந்த மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னைத் தாண்டும். அந்தச் சுமையைக் கணக்கிட்டு, மரம் வளர்ந்து நிழல் தர இடம் விட்ட பாலமே சோலைப்பாலம். கைப்பிடியில் பூந்தொட்டி மாட்டியதற்கு இந்தப் பெயர் கூடாது. மிதிவண்டித் தடம் விளக்கத்தில் வரட்டும். பெயரில் திணித்தால் நாக்கு புரளாது.

எல்லை தாண்டினாலும் சொல் விளங்கும்: மலையாளத்தில் ‘சோல’ உண்டு, ‘பாலம்’ உண்டு. பதிவில் ஏற்றும்போது ஒரே சொல்லாக எழுதுங்கள். பிரித்தால் தேடுபவர்க்கு அகப்படாது.