வீட்டுக்கும் மண்டபத்துக்கும் ஒரே கிட்டார் ஆம்ப்: 15 வாட் டியூபா, 50 வாட் மாடலிங்கா?

சோமனூர்_ஸ்ட்ரிங்ஸ்:

வணக்கமுங்க. வீட்டுக்கு ரெண்டு பக்கமும் விசைத்தறி. தறி நின்ன பொறவு ராத்திரிதான் வாசிக்க முடியும், அப்போ சத்தம் சுவத்தைத் தாண்டக் கூடாது. அதே ஆம்ப் கல்யாண மண்டபத்து மெல்லிசைக்கும், நோம்பி சீசன்ல கோயில் மேடைக்கும் போகணும். கிட்டார் ரெண்டு ஹம்பக்கர் (கம்பி அதிர்வைப் பிடிக்கற ரெட்டைச் சுருள் பிக்கப்) போட்டது. இப்ப இருக்கற ஆம்ப் 20 வாட், 8 இஞ்ச் ஸ்பீக்கர்.

கோயமுத்தூர்ல ரெண்டு ஆம்ப் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு பழசு: ரெண்டு இஎல்84 டியூப் (பழைய ரேடியோ வால்வு மாதிரி), 15 வாட், 12 இஞ்ச். இன்னொண்ணு புதுசு: 50 வாட் மாடலிங் (பல ஆம்போட டோனை டிஜிட்டலாப் போலச் செய்யறது), அதுவும் 12 இஞ்ச். 15 வாட் மேடைக்குப் பத்துமா? அப்பறம், வீட்ல அருமையா இருக்கற டோன் மண்டபத்துக்குப் போனா பாட்டுக்குள்ள காணாமப் போயிருது. இன்வெர்ட்டர்ல ஓட்டுனா "ர்ர்ர்"னு ஒரு இரைச்சல் வேற. ஏனுங்க இப்படி?

நொய்யல்கரை:

வாட்டை வச்சு சத்தத்தை அளக்காதீங்க. வாட் ரெட்டிப்பானா கூடறது 3 டெசிபல்தான். காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணணும்னா சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேணும். 15-க்கும் 50-க்கும் நடுவுல இருக்கறது ஏறக்குறைய 5 டெசிபல். ஸ்பீக்கர் மாத்தினாலே அதுல பெரும்பங்கு வந்துரும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர்ல அளந்தா 96 டெசிபல் தர்ற ஸ்பீக்கரும் உண்டு, 100 தர்றதும் உண்டு. செலஸ்டியன் விண்டேஜ் 30 இந்த நூறு வகை. உங்க 8 இஞ்ச் மேடையில திணர்றதுக்குக் காரணம் 20 வாட்டுங்கறதை விட அந்த ஸ்பீக்கரும் சின்னப் பெட்டியும்தான்.

நீங்க கேக்க வேண்டிய கேள்வி, ஒலி உடைஞ்சு கரகரக்காம எவ்வளவு சத்தம் வரும்ங்கறது. டிரம்ஸ், தபேலா, கீபோர்டு நடுவுல 15 வாட் டியூப்ல சுத்தமான கார்டு வாசிச்சா, பாதி வால்யூம் தாண்டினதும் ஓரம் கரகரக்கும். ராக்குக்கு அது வரம். மெல்லிசையில பாதிப் பாட்டுக்கு கிளீன் டோன்தான் வேணும். மைக் வச்சு மிக்ஸருக்குக் கொடுத்தா 15 வாட் தாராளமாப் பத்தும். மைக் இல்லாத மேடைன்னா பத்தாது.

ராத்திரி வாசிப்புக்கு டியூப் நெம்பச் சிரமம். மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் குமிழ் சைபருக்கும் ஒண்ணுக்கும் நடுவுல மயிரிழை நகர்ந்தா வீடே அதிரும். பாஸ் கட்டானா 50 எம்கே2 மாதிரி மாடலிங் ஆம்ப்ல 0.5, 25, 50 வாட்னு சுவிட்ச் இருக்கு. 0.5-ல வச்சா மாஸ்டரைத் தாராளமாத் திருப்பலாம். அதையும் தாண்டி அமைதி வேணும்னா ஹெட்போன். ஒரு எச்சரிக்கை: அந்த மாடல்ல ஹெட்போனும் ரெக்கார்டிங்கும் ஒரே ஜாக். அதுல செருகினா ஸ்பீக்கர் நின்னுரும். மேடையில மிக்ஸருக்கு அங்கிருந்து லைன் எடுத்தா உங்க காதுக்கு ஒண்ணும் வராது. மைக்தான் வைக்கணும்.

உங்க தேவைக்கு நான் புதுசைத்தான் சொல்லுவேன்.

பவானி_ஆறு_கம்பி:

டோன் காணாமல் போவதற்கு ஆம்ப் மேல் பழி போட வேண்டாம். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடிச்சுரமும் உச்சச்சுரமும் குறைவாகவே கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வளைகோடாகப் போட்டுவிட்டார்கள். அதனால் வீட்டில் நம்மை அறியாமலே பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடுச்சுரமான மிட்டை இறக்குகிறோம். அதே அமைப்பை மண்டபச் சத்தத்தில் வைத்தால் பேஸ் வண்டலாகத் தேங்கும், ட்ரெபிள் காதைக் கீறும். கிட்டாரைக் கூட்டத்தில் அடையாளம் காட்டுவது மிட்தான், அதை நாமே வெட்டி எடுத்துவிட்டோம். கீழே இருக்கும் இடத்தை பேஸ் கிட்டாரும் கீபோர்டின் இடது கையும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும்.

மண்டபத்தில் முதலில் வால்யூமை வாசிக்கப் போகும் அளவுக்கு ஏற்றுங்கள், டோன் அதற்குப் பிறகு. பேஸ் 3, மிட் 7, ட்ரெபிள் 5-ல் தொடங்குங்கள். கரகரப்பைக் கூட்டும் கெயின் வீட்டில் வைப்பதில் பாதி. ரிவெர்ப் சைபர்: டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள மண்டபம் தானே எதிரொலி தந்துவிடும். தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் மூக்கடைத்தாற்போல் கேட்கும். பயந்து மாற்றாதீர்கள், எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது சரியாக உட்காரும். மாடலிங் ஆம்ப் என்றால் வீட்டுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என இரண்டு பேட்ச் (குமிழ் அமைப்பு) தனித்தனியே சேமித்து வையுங்கள்.

ஆம்ப் எங்கே நிற்கிறது என்பதும் பெரிய விஷயம். 12 இஞ்ச் ஸ்பீக்கரின் உச்சச்சுரம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். ஆம்பைத் தரையில் வைத்து அருகில் நின்றால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும். நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், முன்வரிசையில் இருக்கும் ஒறம்பரைகள் காதைப் பொத்துவார்கள். நாற்காலி மேல் வைத்து, காதை நோக்கிச் சாய்த்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். பலகை அடித்த கோயில் மேடையில் இது இன்னும் முக்கியம், உள்ளே வெற்றிடம் இருப்பதால் மேடையே பேஸ் பெட்டியாகிவிடும்.

எஸ்எம்57 மாதிரி மைக் என்றால் வலையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, நடுவில் இருக்கும் மூடி முடிந்து கூம்பு தொடங்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். நட்ட நடுவில் வைத்தால் கூர்மை, வெளியே நகர்த்த நகர்த்த மென்மை. மிக்ஸரில் ஈக்யூ தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள்.

கிட்டாரில் இருக்கும் வால்யூமையும் பயன்படுத்துங்கள். கெயினை லீடுக்கு வைத்துவிட்டு ரிதத்துக்கு கிட்டாரை 6 அல்லது 7-க்கு இறக்கலாம். இறக்கும்போது ட்ரெபிள் மங்கும்: வால்யூம் குமிழுக்குள் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டரின் தடையும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் (ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட்) சேர்ந்து உச்சத்தை வடிகட்டுகின்றன. ஹம்பக்கருக்கு வழக்கமான 500 கிலோஓம் பொட்டன்ஷியோமீட்டரில், பிக்கப் ஒயர் வந்து சேரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 1 நானோஃபாரட் கெபாசிட்டரையும் 150 கிலோஓம் ரெசிஸ்டரையும் பக்க இணைப்பாகச் சால்டர் செய்தால் அந்த மங்கல் போகும். கெபாசிட்டர் மட்டும் போட்டால் வால்யூம் இறக்கும்போது சத்தம் தகரமாகிவிடும், ரெசிஸ்டரை விடாதீர்கள்.

சால்டர்_பொடி:

இரைச்சலுக்கு வர்றேன். மலிவான இன்வெர்ட்டர் தர்றது சதுர அலை. அதோட மேல்ஒலிகள் பவர் சப்ளை வழியா ஆம்புக்குள்ள புகுந்து "ர்ர்ர்"ங்குது. சைன்வேவ் இன்வெர்ட்டர்னா பெரும்பாலும் அடங்கிரும்.

சாதாக் கரண்ட்லயும் ஹம் இருந்தா: கிட்டார் ஒயரைப் பிடுங்குங்க. நின்னா கோளாறு கிட்டார்லயோ ஒயர்லயோ. நிக்கலைன்னா ஆம்ப் இல்லாட்டி கரண்ட் லைன். கம்பியைத் தொட்டா குறையுதுன்னா கிட்டார் உள்ள ஷீல்டிங் பத்தலை. நின்ன இடத்துலயே திரும்பினா ஹம் மாறுதுன்னா பக்கத்து டிரான்ஸ்பார்மரையோ மோட்டாரையோ பிக்கப் பிடிக்குது. மேடையில கீபோர்டும் ஆம்பும் வேற வேற போர்டுல இருந்தா எர்த் லூப் (எர்த் ரெண்டு வழியாச் சுத்தறதால வர்ற ஹம்) வரும், ஒரே போர்டுல இருந்து எடுங்க. பிளக்ல மூணாவது பின்னை (எர்த்) வெட்டற வேலை மட்டும் வேண்டாம். உடம்பு வழியா கரண்ட் மைக்குக்குப் போகும். தொந்தரவு தீரலைன்னா டிஐ பாக்ஸ்ல (சிக்னலை மிக்ஸருக்குக் கொடுக்கற பெட்டி) இருக்கற கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் போதும்.

பழைய டியூப் ஆம்ப் வாங்கறதா இருந்தா முதல்ல பின்பலகையைப் படிங்க. 120 வோல்ட்னு இருந்தா நம்ம 230-ல நேரா மாட்டினா புகைதான். வோல்டேஜைக் குறைக்கற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும். 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் போட்டிருந்தா நம்ம 50-ல டிரான்ஸ்பார்மர் கூடுதலாச் சூடாகும். கடையில 20 நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்க. டியூப் உள்ள தகடு செக்கச் சிவந்தா உடனே ஆஃப் பண்ணிப்போட்டு வந்துருங்க. பென்சிலால மெல்லத் தட்டும்போது முன்னாடி இருக்கற சின்ன டியூப் மணியாட்ட ஒலிச்சா அதை மாத்தணும். குமிழ் திருப்பும்போது கரகரத்தா கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம். அடிச்சும் நிக்கலைன்னா கப்ளிங் கெபாசிட்டர் (டிசி கரண்டைத் தடுத்து சிக்னலை மட்டும் விடறது) கசியுதான்னு பாக்கணும்.

டியூப் ஆம்பை ஸ்பீக்கர் கழட்டி ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிரும். 8 ஓம் ஜாக்குக்கு 8 ஓம் ஸ்பீக்கர்தான். ஸ்பீக்கருக்கு கிட்டார் ஒயர் போடாதீங்க, மெல்லிசான கம்பி சூடாகும். அணைச்ச பொறவும் உள்ள கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், அதனால தெரியாம மூடியைத் திறக்காதீங்க.

சோமனூர்_ஸ்ட்ரிங்ஸ்:

அருமைங்க எல்லாருக்கும். டியூப் ஆசை இன்னும் விடலை. அதை ராத்திரிக்கு அடக்க வழியே இல்லீங்களா?

சால்டர்_பொடி:

இருக்குதுங்க. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல பவரைக் குறைக்கற அட்டெனுவேட்டர் போடலாம். ஓம் பொருந்தணும், தாங்கற வாட் ஆம்பை விட ரெட்டிப்பா இருந்தா நிம்மதி. ஆனா 15 வாட்டை ராத்திரி அளவுக்கு இறக்க 20 டெசிபலுக்கு மேல வெட்டணும், அப்ப ஸ்பீக்கர் அசையற சுகம் போயிரும். டியூபும் முழு வேகத்துல எரிஞ்சுட்டே இருக்கும். எஃபெக்ட்ஸ் லூப் (எஃபெக்ட் பெட்டி செருகற சென்ட், ரிட்டர்ன் ஜாக்) இருந்தா இன்னொரு வழி: சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவுல ஒரு வால்யூம் பாக்ஸ், ரெண்டாவது மாஸ்டராட்ட. மயிரிழைத் தொல்லை அதோட தீரும். லூப் சீரிஸா (முழு சிக்னலும் அது வழியாப் போற மாதிரி) இருக்கணும், பேரலலா இருந்தா முழுசா அடங்காது. நீங்க பார்த்த பழசுல லூப் இருக்கான்னு பின்னாடி பாத்துட்டு எழுதுங்க.