என் கணினியில் தமிழ் வருகிறது, மன்னார்குடி மில்லில் கட்டம் கட்டமாக வருகிறது. அவசரம்!

அரசலாறு:
வணக்கம். ஒரு ரைஸ் மில்லுக்கு எடைச் சீட்டு மென்பொருள் எழுதிக் கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. நேற்றிலிருந்து விவசாயிகள் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதாம். இங்கே கும்பகோணத்தில் என் கணினியில் அதே எக்ஸ்இ, ஒரு குறையும் இல்லை. எழுத்துருவை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன், பயனில்லை. குறுவை அறுப்பு நேரம், மில் வாசலில் டிராக்டர் வரிசை நிற்கிறது. முதலாளி "தமிழ் செத்துப்போச்சு தம்பி" என்று மணிக்கு நாலு தடவை கூப்பிடுகிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

பாமணி:
எந்த விண்டோஸ்? எதில் எழுதியது? என்ன எழுத்துரு? எண்கள் சரியாக வருகிறதா?

வண்டல்:
வைரஸ்தான், சந்தேகமே வேண்டாம். மில் கணினியில் ஆளாளுக்குப் பென்டிரைவ் சொருகுவார்கள்.

மேட்டுத்தெரு:
மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். எங்கள் அண்ணன் கடையில் ஹார்டு டிஸ்க் இப்படித்தான் போனது. முதலில் யூபிஎஸ்ஸைப் பாருங்கள்.

பாமணி:
ஹார்டு டிஸ்க் போனால் தமிழாகப் பார்த்தா போகும்?

மூத்தபிட்:
சொல்லாவிட்டாலும் தெரிகிறது, விஷுவல் பேசிக் 6 (வி.பி.6) என்ற பழைய நிரல்மொழி. அதன் எடிட்டருக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008இலேயே முடிந்துவிட்டது. இதைப் பலமுறை எழுதிவிட்டேன். கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அரசலாறு:
ஆமாம், வி.பி.6தான். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் உள்ள எழுத்துரு. பெயர்ப் பட்டியல் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. இங்கேயும் அங்கேயும் விண்டோஸ் 10. எண்ணும் ஆங்கிலமும் சரியாக வருகிறது. நேரில் போனால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டிலேயே பாதிப் பொழுது போய்விடும். இங்கிருந்தே அந்தக் கணினியைப் பார்க்கும் எனிடெஸ்க் விட்டு விட்டு வருகிறது.

பாமணி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். உங்களிடம் இருக்கும் பெயர்க் கோப்பு என்றைக்கு எடுத்தது? மில்லில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா?

அங்கே கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து சி எச் சி பி (chcp) என்று அடிக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு எண் வரும். நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் 437. யூடிஎஃப்-8க்கான 65001 என்று வந்தால் விஷயம் பிடிபட்டது. டிஸ்கியில் தமிழெழுத்துகள் 128 முதல் 255 வரையுள்ள பைட்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலமும் எண்ணும் 128க்குக் கீழே. விண்டோஸ் முழுவதையும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்துக்கு மாற்றும் ஒரு பீட்டா டிக் பெட்டி 2018இல் வந்தது. அதைப் போட்டால் கீழ்ப்பாதி அப்படியே இருக்கும், மேல்பாதி பைட்டுகள் செல்லாக்காசு ஆகிவிடும். கட்டம் அதனால்தான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: யாரும் எந்தப் பெயரையும் திருத்திச் சேமிக்க வேண்டாம். இந்த நிலையில் சேமித்தால் கோப்பிலேயே கட்டம் எழுதப்பட்டுவிடும், பிறகு எதைப் போட்டும் மீட்க முடியாது. முதலில் கோப்பை நகல் எடுங்கள்.

வண்டல்:
ஒரு ஆன்ட்டி வைரஸ் ஓட்டிப் பார்த்துவிடுவதில் என்ன நஷ்டம்?

மூத்தபிட்:
டிக், கிக் எல்லாம் ஒட்டுவேலை. யூனிகோடுக்கு மாற்றியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது. இந்தக் காலத்தில் டிஸ்கி வைத்திருப்பவருக்கு அனுதாபம் கிடையாது.

நெல்மூட்டை:
ஐயா, விண்டோஸ் 98இல் யூனிகோட் தமிழ் எங்கே இருந்தது? லதா எழுத்துருவே விண்டோஸ் 2000இல்தான் வந்தது. அப்போது டிஸ்கி இல்லாவிட்டால் சீட்டில் ஊர்ப்பெயரைத் தமிழில் அடித்திருக்கவே முடியாது.

மூத்தபிட்:
2000 போய் எத்தனை வருஷம்? இவர் எழுதியது ஒன்பது வருஷத்துக்கு முன்னால்தானே?

நெல்மூட்டை:
பழைய பட்டியல் டிஸ்கியில் இருந்திருக்கும், அதையே தொடர்ந்திருப்பார். வி.பி.6 பெட்டிகளுக்கு யூனிகோட் தெரியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் திரும்ப எழுத மில்காரர் காசு தருவாரா, நீங்கள் தருவீர்களா?

மேட்டுத்தெரு:
கேட் என்றதும் ஞாபகம் வருகிறது, நேற்று அங்கே முக்கால் மணி நேரம் நின்றேன். வேறு பக்கம் சுற்றிப் போக வழி உண்டா?

பாமணி:
தனி இழை போடுங்கள் அண்ணே. அரசலாறு, எண் என்ன வந்தது?

*(மறுநாள்)*

அரசலாறு:
65001. முதலாளி பையன் யூடியூப் பார்த்து அந்த டிக்கைப் போட்டிருக்கிறார். ஏதோ சிஎஸ்வி கோப்பு எக்செல்லில் குப்பையாகத் திறந்ததாம். கண்ட்ரோல் பேனல், ரீஜியன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல் என்று போய் டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் தமிழ் வந்துவிட்டது. கணக்குப்பிள்ளை நேற்றுக் காலையிலேயே 14 பெயரைத் திருத்திச் சேமித்திருக்கிறார், அவை போனதுதான். என் நகல் போன மாதத்தது, அதில் 11 கிடைத்தது. மூன்று பெயரைச் சீட்டுப் புத்தகத்தைப் பார்த்து அடித்தோம். நன்றி பாமணி.

பாமணி:
நல்லது. நிரல் தொடங்கும்போதே கெட்ஏசிபி என்ற விண்டோஸ் ஏபிஐயிடம் குறியாக்க எண்ணைக் கேட்டு, 65001 வந்தால் கோப்பைத் தொடாமல் நிறுத்திவிடுங்கள். அந்தப் பையனுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்: சிஎஸ்வியை நேராக இரட்டைச் சொடுக்காமல், எக்செல்லில் டேட்டா பட்டியில் உள்ள ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறக்கட்டும். இல்லாவிட்டால் நாளைக்கே மறுபடியும் டிக் போடுவார்.

வண்டல்:
வைரஸ் இருந்ததா, இல்லையா?