கப்பல் நிற்கும் ஆறரை மணி நேரம்

நாகை இல்லம் – குடும்பக் குழு

செவ்வாய்க்கிழமை

செல்வி அத்தை, காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கும்போது, எங்கள் இருவருக்கும் மூன்று இரவுக் கப்பல் பயணம் ஒன்றை மருமகன் பதிவு செய்துவிட்டார். வெள்ளி மாலை சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பினாங்கை அடைகிறது. இரவு ஏழரைக்குள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டுமாம். அப்பா அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் போய் இறங்கிய ஊரில் எனக்குக் கிடைக்கப்போவது ஆறரை மணி நேரம். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று பினாங்கில் பிறந்து வளர்ந்தவள்தான் சொல்ல வேண்டும்.

மாமா, காலை 7:20
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இறங்கியதும் கொடிமலைக்குப் போகிறோம், மலை ரயிலில் ஏறி இறங்குகிறோம், வழியில் தண்ணீர்மலை முருகனைக் கும்பிடுகிறோம், கடைசியில் கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டுக் கப்பலேறுகிறோம்.

பினாங்கு அத்தை, காலை 8:05
வணக்கம் அக்கா, வணக்கம் அத்தான். அத்தான் சொல்லும் திட்டம் இங்கே இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு நன்றாக இருக்கும். கப்பல் ஒரு மணிக்கு வந்தாலும், கயிறு கட்டி, படி இறக்கி, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி வெளியே வரும்போது இரண்டு மணியை நெருங்கிவிடும். ஏழு மணிக்கே திரும்புவது நல்லது என்பதால், உங்கள் கையில் இருப்பது ஐந்து மணி நேரம்தான். கொடிமலை அடிவாரம் துறைமுகத்திலிருந்து தள்ளி, ஆயர் ஈத்தாமில் இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் அந்தச் சாலையில் கார் நகராது, அடிவாரத்தில் ரயிலுக்கு வரிசை வேறு. 1923 முதல் ஓடிக்கொண்டிருக்கிற ரயில் அது, அடுத்த முறையும் ஓடும்.

கப்பலில் வருகிறவர்களுக்குப் பினாங்கு செய்கிற பெரிய உபகாரம், துறைமுகமே பழைய ஊரின் வாசலில் இருப்பதுதான். வேறு பல ஊர்களில் கப்பல் ஓரிடத்தில் நிற்கும், ஊர் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இருக்கும். இங்கே ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையிலிருந்து வெளியே வந்தால் எதிரிலேயே விக்டோரியா மணிக்கூண்டு. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. பத்து நிமிடம் நடந்தால் கடைத்தெரு. வாசலில் நிற்கும் வாடகைக் கார்க்காரர்கள் எல்லாமே வெகுதூரம் என்பார்கள். சிரித்துக்கொண்டே கடந்து வந்துவிடுங்கள், நான் மணிக்கூண்டின் நிழலில் நிற்பேன்.

முகிலன், காலை 8:31
நானும் கோலாலம்பூரிலிருந்து வந்துவிடுகிறேன் அத்தை. அதிகாலை ரயிலைப் பிடித்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வந்துவிடலாம். நிலையத்திலிருந்தே மேம்பாலம் வழியாகப் படகுத்துறைக்கு நடந்துபோகலாம். பள்ளி விடுமுறையிலும் தைப்பூசத்திலும் அந்த ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆகவே இன்றே சீட்டு எடுத்துவிடுகிறேன். பேருந்தில் பாலத்தைத் தாண்டியும் வரலாம்தான், ஆனால் பினாங்குக்குத் தண்ணீர் வழியாக வருவதில் உள்ள சுகம் 13.5 கிலோமீட்டர் பாலத்தில் இல்லை.

மாமாவுக்கு இரண்டு செய்திகள். முதலாவது, மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்பதை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நீங்கள் கப்பலில் சிங்கப்பூருக்குத் திரும்பி வருகிறீர்கள், ஆகையால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இரண்டாவது, சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு உள்ளன. சென்ற ஆண்டு என் நண்பன் பெட்டி படுக்கையோடு ஹார்பர்ஃபிரண்டில் போய் நின்றான். அவனுடைய கப்பலோ மரினா பேயில் நின்றுகொண்டிருந்தது. அவன் ஏறினான், ஆனால் எப்படி ஏறினான் என்பதை அவன் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

மாமா, காலை 8:40
விசாவைப் பார்த்தேன், பலமுறை என்றே இருக்கிறது. கொடிமலையைப் பற்றி அங்கே வந்து பேசிக்கொள்ளலாம்.

பெரியப்பா, காலை 9:15
மாப்பிள்ளை இன்னும் விடவில்லை என்று தெரிகிறது. செல்வி, நீ பிறப்பதற்கு முன் நடந்தது என்பதால் சொல்கிறேன். ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். சென்னையில் கிளம்பி, நாகையில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று போகும். நம் கரையில் அது ஒட்டி நிற்காது. ஆழம் போதாமல் வெகுதூரத்தில் நங்கூரமிடும். படகில் போய், அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து கப்பலின் ஏணியைத் தாவிப் பிடிக்க வேண்டும். அப்பாவும் பெரிய தகப்பனாரும் தட்டுப் பயணிகள், அதாவது அறை இல்லாமல் கப்பலின் தளத்திலேயே பயணம் செய்கிறவர்கள். பாயை விரித்த இடம்தான் அறை. பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் என்ற தீவு இருக்கிறது. தொத்துநோய்க்குப் பயந்து தட்டுப் பயணிகளை அங்கே தனிமையில் வைத்திருந்துவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். எதிரே ஊர் விளக்குகள் தெரிய, அங்கே காத்திருந்ததுதான் கடலைவிடக் கடினம் என்று அப்பா சொல்வார். உனக்கு ஒரு மணி நேர வரிசை பெரிதாகத் தெரிந்தால் அதை நினைத்துக்கொள்.

பினாங்கு அத்தை, காலை 9:48
அண்ணன் சொன்னதை என் அப்பாவும் அப்படியே சொல்லியிருக்கிறார். தம்பியான உங்கள் அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார், என் அப்பா இங்கேயே தங்கிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா, நடக்கப்போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கூண்டில் தொடங்கி, செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கடந்து, குவான் யின் கோயிலின் ஊதுவத்திப் புகைக்குள் புகுந்து, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வரை நடப்போம். பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி நாட்டியது 1786-இல்; அதற்குப் பதினைந்தே ஆண்டுகளில், 1801-இல், நம் கடற்கரையிலிருந்து வந்த முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல் அது. அதன் பக்கத்துச் சூலியா தெருவில் நம் நாகூராருக்கு ஒரு தர்கா இருக்கிறது. நாகையிலிருந்து வருகிறவர்கள் அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் போனால் எனக்கு வருத்தமாக இருக்கும். குயின் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. பகலில் நடை சாத்தியிருக்கும், ஆகவே அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

வெயில் கடுமையாக இருக்கும், மழையும் சொல்லாமல் வரும். ஆனால் கடைவரிசைகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை உண்டு. நாங்கள் அஞ்சடி என்போம். அஞ்சடியிலேயே நடந்தால் பாதி ஊரை நனையாமல் சுற்றிவிடலாம், ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரையின் உயரம் வேறு, படியைப் பார்த்து வைக்க வேண்டும். கைக்கு நூறு வெள்ளி மாற்றிக்கொண்டால் தாராளம். வெள்ளி என்றால் ரிங்கிட், பவுனும் வெள்ளியும் அல்ல அத்தான்.

சனிக்கிழமை

முகிலன், காலை 11:50
படகில் இருக்கிறேன். 2023-இல் வந்த புதிய படகு இது, குளிரூட்டி உண்டு, வேகமும் உண்டு. ஆனால் தீவுகளின் பெயர் தாங்கிய அந்தப் பழைய இரண்டடுக்குப் படகில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, முகத்தில் உப்புக்காற்று அடிக்க வருவதற்கு இது ஈடாகாது. துறைமேடையில் இன்னும் கப்பல் இல்லை. வடக்கே வெள்ளையாக ஒன்று அடுக்குமாடி வீடு போல நகர்ந்து வருகிறது. அதுதான் உங்களுடையது என்று நினைக்கிறேன், கையை ஆட்டுங்கள்.

செல்வி அத்தை, பகல் 12:04
பதினொன்றாம் தளத்தில் நின்று ஆட்டிக்கொண்டிருக்கிறேன். நீ தெரியவில்லை, ஆனால் படகு தெரிகிறது.

மாமா, பகல் 2:10
வெளியே வந்துவிட்டோம். மணிக்கூண்டு சாய்ந்திருக்கிறது என்று நான் சொன்னேன், உங்கள் அத்தை என் கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்றாள்.

பினாங்கு அத்தை, பகல் 2:14
அத்தான் கண்ணாடி நேராகத்தான் இருக்கிறது. விக்டோரியா அரசியின் அறுபதாம் ஆண்டு ஆட்சிக்கு 1897-இல், ஆண்டுக்கு ஓரடி வீதம் அறுபதடிக்கு ஒரு சீனச் செல்வந்தர் கட்டிக்கொடுக்க முன்வந்த கூண்டு இது. உலகப் போரில் அருகே விழுந்த குண்டுகளால் சற்றே சாய்ந்துவிட்டது.

பெரியப்பா, பகல் 2:30
கடைத்தெருவுக்குப் போனதும் எழுதுங்கள். அப்பா கணக்கெழுதிய கடை, வடக்கு வரிசையில் மூலையிலிருந்து நான்காவது என்று அம்மா சொல்வாள்.

செல்வி அத்தை, மாலை 4:02
அண்ணா, பள்ளிவாசலும் தர்காவும் பார்த்துவிட்டோம். தர்காவின் வாசலில் அமர்ந்திருந்த பெரியவரிடம் நாகப்பட்டினம் என்றேன். அவர் நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். மதியம் நாசி கண்டார் சாப்பிட்டோம். கண்டார் என்றால் தோளில் காவும் கம்பாம். துறைமுகத்துக் கூலிகளுக்குக் காவடிபோல இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் சுமந்து வந்து விற்ற நம் முஸ்லிம் வியாபாரிகளின் சோறு. நான்கு குழம்புகளையும் கலந்து ஊற்றுகிறார்கள். கலக்காமல் ஊற்றுங்கள் என்றேன், கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

இப்போது ஒரு செய்தி. உங்கள் மாப்பிள்ளையைக் காணவில்லை.

முகிலன், மாலை 4:05
காணாமல் போகவில்லை பெரியப்பா. கிராப் செயலியில் கார் வரவழைத்துக்கொண்டு கொடிமலைக்குப் போயிருக்கிறார். நான் தேநீருக்குக் காசு கொடுத்துத் திரும்புவதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

பினாங்கு அத்தை, மாலை 4:07
அத்தான், எங்கே இருந்தாலும் ஐந்தே காலுக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். மலையேறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி. கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. உங்கள் கைக்கடிகாரத்தில் இன்னும் இந்திய நேரம் ஓடுகிறது என்று அக்கா சொல்கிறார், இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, மாலை 4:40
மாப்பிள்ளை பதில் எழுத வேண்டும்.

மாமா, மாலை 5:21
சாலை அடைத்துக்கொண்டதால் பாதியிலேயே திரும்பச் சொல்லிவிட்டேன். ஓட்டுநர் தமிழர், கப்பல் ஏழரைக்கு என்றதும் அவரே காரைத் தண்ணீர்மலைப் பக்கம் திருப்பிவிட்டார். மேலே 513 படி என்றார். முழங்காலைக் கேட்டேன், அது வேண்டாம் என்றது. கீழே நகரத்தார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் வந்து நிற்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வருகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செல்வி அத்தை, மாலை 5:24
கோபமெல்லாம் அறைக்குப் போனபின்.

செல்வி அத்தை, மாலை 6:15
அண்ணா, கடைத்தெருவில் நிற்கிறேன். பூக்கடையில் மல்லிகையை நம் ஊரைப் போலவே முழம் போட்டுத்தான் தருகிறார்கள். மூலையிலிருந்து நான்காவது கடை இப்போது கைப்பேசி விற்கும் கடை. மூலை என்பது இந்த மூலையா எதிர் மூலையா என்பதும் தெரியவில்லை, ஆகவே எதிர் மூலையிலிருந்தும் நான்கு எண்ணினேன், அது புடவைக்கடை. இரண்டின் அஞ்சடியிலும் சிறிது நேரம் நின்றேன். புடவைக்கடை வாசலில் பழைய பூக்கல் தரை இன்னும் இருக்கிறது. கல்லாப்பெட்டி இருக்கும் இடத்துக்கு எதிரே மட்டும் பூ தேய்ந்து வெறும் சிவப்பாகக் கிடக்கிறது. அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மாரியம்மன் கோயிலில் நடை திறந்துவிட்டார்கள், உள்ளே போகிறேன்.

பெரியப்பா, மாலை 6:22
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புடவைக்கடை என்றே வைத்துக்கொள்வோம்.

முகிலன், இரவு 7:04
மாமா வந்துவிட்டார். இருவரும் துறைமேடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். கையில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் என்ன என்று கேட்டதற்கு மாமா வானத்தைப் பார்த்தார்.

பினாங்கு அத்தை, இரவு 7:31
ஏறிவிட்டார்கள். நானும் முகிலனும் செண்டோல் குடிக்கப் பினாங்கு சாலைக்குப் போகிறோம், அக்காவுக்கு நேரம் போதாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று. சூ குலச் சீனர்கள் வாழும் சூ துறையின் மரக்கால் வீடுகளையும் விட்டுவிட்டோம், ஆனால் அதைக் கப்பலிலிருந்தே பார்க்கலாம் அக்கா, படகுத்துறைக்கு அடுத்து விளக்கு வரிசையாகத் தண்ணீருக்குள் நீண்டிருக்கும்.

செல்வி அத்தை, இரவு 8:36
தெரிகிறது. கப்பல் நகரத் தொடங்கிவிட்டது, கைப்பேசித் தொடர்பு எந்நேரமும் போய்விடும். பையில் என்ன என்று கேட்டாயல்லவா முகிலா, ஆறு புட்டி ஜாதிக்காய் எண்ணெய். அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அதே வாசனை. மாமா ஒரு புட்டியை அதற்குள் முழங்காலில் தேய்த்துக்கொண்டு, படியேறியவர்போல் பெருமூச்சு விடுகிறார்.

பெரியப்பா, இரவு 8:38
மீதமுள்ள ஐந்தில் இரண்டு எனக்கு.