புதுப்பிப்பு: எடுத்த குறியீட்டுக்கு இணைப்பு மட்டும் போதாது

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளத்தில் எடுத்த நிரல் குறியீட்டுக்கு இணைப்பைப் போட்டாலே போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது பிழை. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்குக்குச் செயலி எழுதுபவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

உரிமம் பதிவின் திகதியைப் பொறுத்தது. 2011 ஏப்ரல் 8க்கு முந்தியது சிசி பிஒய்-எஸ்ஏ (எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிரவேண்டிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) பதிப்பு 2.5, அன்றிலிருந்து 3.0, 2018 மே 2இலிருந்து 4.0. பதிலின் கீழே 'ஷேர்' அழுத்தினால் எது என்று காட்டும்.

குறியீட்டுக்கு நேர் மேலே இப்படி எழுதுங்கள்:

// மூலம்: பதிலின் இணைப்பு | எழுதியவர்: அவர் பயனர்பெயர் | சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 | மாற்றம்: கிராம் கிலோவாக்கப்பட்டது

கடைசித் துண்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாற்றியதைச் சொல்வதும் நிபந்தனைதான்.

பெரிய சிக்கல் 'எஸ்ஏ' (ஷேர் அலைக், அதாவது அதேபோலப் பகிர்). மாற்றியெழுதியதை வெளியிட்டால் அதே வகை உரிமத்தில்தான் விடவேண்டும். எம்ஐடி (நிபந்தனை குறைந்த திறந்த உரிமம்) என்று மேலே ஒட்ட முடியாது. 4.0 என்றால் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 3ஆம் பதிப்புக்குக் கொண்டுபோகலாம், 2ஆம் பதிப்புக்கு முடியாது.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு நிரலுக்கு உரிமக் கோப்பே இல்லாவிட்டால் அது இலவசம் என்று அர்த்தமில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பாதுகாக்கிறது. எழுதியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.