தள்ளுபடியில் அலுவலக வரிசை மடிக்கணினி: விலையா, கட்டுறுதியா?

எழுதுகோல்:
வணக்கம். மொழிபெயர்ப்பு என் தொழில். நாள்தோறும் எட்டு மணி நேரம் தட்டச்சு செய்கிறேன். இப்போதுள்ள மடிக்கணினியில் இடப்பக்கக் கீல் பெயர்ந்துவிட்டதால், மூடியைத் திறக்கும்போதெல்லாம் திரைச் சட்டம் விரல் நுழையும் அளவுக்கு வாயைப் பிளக்கிறது. வாங்கி மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. அடுத்ததற்கு இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, நிறுவனங்களை மனத்தில் வைத்துச் செய்யப்படும் அலுவலக வரிசையைச் சேர்ந்தது. பிரிக்கப்படாத புதுப் பெட்டி, ஆனால் முந்தைய தலைமுறை என்பதால் பட்டியல் விலையில் 45 விழுக்காடு தள்ளுபடி. மற்றது வீட்டு வரிசை. இந்த ஆண்டின் செயலி, பளிச்சென்ற ஓஎல்இடி திரை. அவ்வளவு தள்ளுபடிக்குப் பிறகும் அலுவலக வரிசையின் விலை மற்றதைவிடக் கால் பங்கு கூடுதலாகவே நிற்கிறது. இரண்டிலும் 16 ஜிபி நினைவகம். உறுதியான உடலுக்காக அந்தக் கால் பங்கைக் கொடுப்பது தகுமா?

கணக்கப்பிள்ளை:
முதலில் அந்த 45 விழுக்காட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அலுவலக வரிசையின் பட்டியல் விலை, மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் பேரம் பேசிக் குறைப்பதற்கு இடம் விட்டு ஏற்றி வைக்கப்படும் எண். அதை முழுதாகக் கொடுத்து வாங்குபவர் அரிது. எவ்வளவு குறைத்தார்கள் என்பதில் ஒன்றுமில்லை. கொடுக்கும் தொகைக்கு என்ன கைக்கு வருகிறது என்பதைப் பாருங்கள்.

கால் பங்கு கூடுதல் என்றால், வீட்டு வரிசை நான்கு ஆண்டு உழைக்கும் இடத்தில் இது ஐந்து ஆண்டு உழைத்தால்தான் ஆண்டுச் செலவு சமமாகும். இலாபம் அதற்குப் பிறகே தொடங்கும். இன்றே ஒரு தலைமுறை பின்தங்கிய செயலியை ஆறாம் ஆண்டிலும் விரும்பிப் பயன்படுத்துவீர்களா? உடல் மக்னீசியக் கலவையா பிளாஸ்டிக்கா என்று பார்த்துப் பேட்டரிக்கு வயதாவதும் இல்லை. இரண்டிலும் அதே லித்தியம் அயனிதான்.

விற்பவர்கள் சொல்லும் 'இராணுவத் தரம்' பற்றியும் ஒரு சொல். எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. அதன் 'ஜி' பதிப்பு 2008-இலும் 'எச்' பதிப்பு 2019-இலும் வந்தன. அதிர்வு, வெப்பம், ஈரப்பதம், தூசு எனப் பல சோதனைகள் அதில் உண்டு; எவற்றை எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்கிறார். தேர்ச்சி பெற்றதாக அத்துறை எந்த மடிக்கணினிக்கும் சான்றிதழ் தருவதில்லை. இப்போது வீட்டு வரிசைப் பெட்டிகளிலும் இதே வாசகம் அச்சாகி வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

திருப்புளி:
மடிக்கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. இராணுவத் தரம் பற்றிக் கணக்கப்பிள்ளை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டுறுதி என்பதை அவர் ஆயுள் கணக்காக மட்டுமே பார்க்கிறார். கேள்வி கேட்டவரின் கீலே அதற்கு வேறு விடை சொல்கிறது.

மூடி உலோகமா என்று தட்டிப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. கீலின் திருகுகள் எதில் போய் ஏறுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த உடல்களில் பிளாஸ்டிக்கால் ஆன குட்டைத் தூண்கள் இருக்கும். அவற்றின் நடுவே சூடேற்றி அழுத்திப் பதித்த, நெல்மணியைவிடச் சற்றே பெரிய பித்தளை மரைகள் இருக்கும். திருகு அதில்தான் ஏறும். நாளாக ஆகக் கீலின் மசகு காய்ந்து இறுகுகிறது. அதன் பிறகு மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கைவிசை கீலைச் சுழற்றுவதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தூணை நெம்புகிறது. ஒரு நாள் தூண் வெடித்து, திருகு கழலாமலே, பித்தளை மரையோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எழுதுகோல் அவர்களே, உங்கள் கணினியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இதுதான் தெரியும். உள்ளே சிறு பிளாஸ்டிக் துணுக்குகள் சிதறிக் கிடக்கும், அவை மதர்போர்டின் மேல் உருளாமல் எடுத்துவிடுங்கள். நல்ல அலுவலக வரிசைகளில் கீலை உலோகச் சட்டத்தில் பூட்டுகிறார்கள். கீல் இறுகினாலும் நெம்புவதற்குப் பிளாஸ்டிக் கிடையாது.

அடுத்தது விசைப்பலகை. நாளுக்கு எட்டு மணி நேரம் தட்டுபவருக்கு முதலில் தேய்வது அதுதான். வீட்டு வரிசைகள் பலவற்றில் விசைப்பலகையை மேல் உடலோடு உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் குமிழ்களால் பிணைத்துவிடுகிறார்கள். ஒரு விசை போனால், அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுக்க வேண்டும், அல்லது மேல் உடலையே முழுதாக வாங்க வேண்டும். அலுவலக வரிசையில் சில திருகுகளோடு வேலை முடிகிற வகைகள் நிறைய உண்டு. தயாரிப்பாளர்களே பழுது பார்க்கும் கையேட்டை உதிரிபாக எண்களோடு பொதுவில் வைத்திருக்கிறார்கள். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் ஆகிய மூன்று அலுவலக வரிசைகளுக்குமே கையேடு கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே அதைப் புரட்டி, விசைப்பலகையைக் கழற்றுவதற்கு எத்தனை படிகள் என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்கப்பிள்ளை:
திருப்புளி அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் மேசைக்கு உடைந்தது மட்டும்தான் வருகிறது. கீல் உடையாமல் ஐந்து ஆண்டு ஓடிய வீட்டு வரிசைக் கணினி அவரைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. மருத்துவமனை வாசலில் நின்று ஊரின் உடல்நலத்தை அளப்பது போன்றது அது.

மேலும், அலுவலக வரிசை என்ற பெயரே பழுது பார்க்க எளிது என்பதற்கு உறுதிமொழி அல்ல. 2018-இல் வந்த திங்க்பேட் டி480-இல் நினைவகத்துக்கு இரண்டு செருகிடங்கள் இருந்தன. மறு ஆண்டு டி490-இல் ஒன்று பலகையோடு பற்றவைக்கப்பட்டு, செருகிடம் ஒன்றாகக் குறைந்தது. அதே திங்க்பேட் குடும்பத்தின் எக்ஸ்1 கார்பனில் தொடக்கத்திலிருந்தே செருகிடம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் அலுவலக வரிசைக்குள்ளேயே மலிவு வகையும் உயர் வகையும் உண்டு. எச்பியின் புரோபுக்கும் எலைட்புக்கும் ஒன்றல்ல, திங்க்பேட் 'இ' வரிசையும் 'டி' வரிசையும் ஒன்றல்ல. பெயர்ப்பலகைக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் வாதம்.

திருப்புளி:
உடைந்தவை மட்டுமே என்னிடம் வருகின்றன என்பது உண்மை. நூற்றுக்கு எத்தனை உடைகின்றன என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வருகிறவற்றில் எது உடைந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அலுவலக வரிசை என் மேசைக்குப் பேட்டரிக்காக வருகிறது, சார்ஜ் ஏறும் துளைக்காக வருகிறது, கொட்டிய காப்பிக்காக வருகிறது. கீலுக்காக வந்தவை என் நினைவில் மிகச் சில. வகை பார்த்து வாங்க வேண்டும் என்பதில் நாம் இருவரும் ஒரே பக்கம்தான்.

தாழ்வாரம்:
இருவரும் திரையைப் பற்றிப் பேசவே இல்லை. நான் இதே கணக்கைப் போட்டு, உறுதியான உடல் என்று ஓர் அலுவலக வரிசை மடிக்கணினியைத் தள்ளுபடியில் வாங்கி, முதல் நாளே வருந்தியவள். உடல் கல் போல இருந்தது; திரையோ சாம்பல் பூசியது போல. மொத்தக் கொள்முதலில் நிறுவனங்கள் பெரும்பாலும் அடிநிலைத் திரையைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. மிஞ்சித் தள்ளுபடிக்கு வருவதும் அதுதான். 250 நிட் ஒளிர்வு, 45 விழுக்காடு என்டிஎஸ்சி (திரை காட்டக்கூடிய நிறங்களை அளக்கும் ஓர் அளவுகோல்) நிறப் பரப்பு என்று விவரத்தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். சன்னலோர மேசையில் பகல் வெளிச்சத்தில் அதில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. குறைந்தது 300, முடிந்தால் 400 நிட் கேளுங்கள்.

ஆனால் என் கதை அங்கே முடியவில்லை. கையேட்டைப் பார்த்து, 30 ஊசி இணைப்புள்ள 400 நிட் திரை ஒன்றை வாங்கி, ஒரு மாலைப் பொழுதில் நானே மாற்றிவிட்டேன். முன்சட்டம் கிளிப்புகளில் மட்டும் நின்றதால் விரலாலேயே கழன்றது. கட்டுறுதிக்குக் கொடுத்த பணம் வீணா, இல்லையா என்று இன்றுவரை எனக்கே தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. திரைக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் வீட்டு வரிசையைவிட வெகுவாக மேலே போய்விட்டேன்.

ஓஎல்இடி பற்றி ஓர் எச்சரிக்கை. ஒளியைக் குறைத்து வைக்கும்போது அவற்றில் பல நொடிக்குச் சில நூறு முறை அணைந்து எரிகின்றன. சிலருக்கு அது தலைவலி தரும். மொழிபெயர்ப்பு மென்பொருளில் அதே கட்டங்களும் பட்டைகளும் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பதால், ஆண்டுக்கணக்கில் அவற்றின் தடம் திரையில் பதியவும் கூடும்.

பழம்பெட்டி:
புதிதுதான் வேண்டும் என்று யார் சொன்னது? நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்தவை சந்தையில் குவிகின்றன. கவனிக்க வேண்டியவை சில: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏறும் கணினியாக இருக்க வேண்டும்; இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா, பழைய நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் ஒப்பிடுங்கள்.

கணக்கப்பிள்ளை:
பழம்பெட்டி சொல்வதை நான் மனமார ஏற்கிறேன். விலை முக்கால் பங்கு விழுந்த பிறகும் கீல் அப்படியே இருக்கிறது என்றால், அப்போது கட்டுறுதியைக் கேட்டு வாங்குவேன். புதிதாக வாங்கும்போது அதற்குத் தனியாகப் பணம் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

எழுதுகோல்:
அனைவருக்கும் நன்றி. பயன்படுத்திய கணினி எனக்குச் சரிவராது. வேலை நின்றால் வருமானம் நிற்கும் என்பதால் முழு உத்தரவாதம் வேண்டும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் இரண்டையும் நேற்று மீண்டும் பார்த்து வந்தேன். மூடியின் ஒரு மூலையை மட்டும் ஒற்றை விரலால் தூக்கினேன். வீட்டு வரிசையில் மூடி முறுக்கிக்கொண்டு எழுந்தது, எதிர் மூலை சற்றுத் தாமதித்தே வந்தது. அலுவலக வரிசையில் மூடி முழுதும் ஒன்றாக எழுந்தது, ஆனால் அடிப்பாகமும் கொஞ்சம் கூடவே தூக்கிக்கொண்டது. இருபது நிமிடம் தட்டச்சு செய்ததில், வீட்டு வரிசையின் விசைப்பலகை நடுவில் குழிந்து எழுவதை விரல் உணர்ந்தது. அலுவலக வரிசையில் அப்படி இல்லை. கையேட்டின்படி அதன் விசைப்பலகை திருகுகளில்தான் நிற்கிறது. திரை 300 நிட்.

ஆனால் கணக்கப்பிள்ளை அவர்களின் ஐயம் வேறு வழியில் உண்மையாயிற்று. எனக்குத் தரவிருந்த அலுவலக வரிசைப் பெட்டியின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டுப் பார்த்தபோது, மூன்று ஆண்டு உத்தரவாதத்தில் எட்டு மாதங்கள் கிடங்கிலேயே கழிந்துவிட்டன என்று காட்டுகிறது. பெட்டி பிரிக்கப்படவே இல்லை என்பது உண்மைதான்.

திருப்புளி:
தள்ளுபடிச் சரக்கில் இது வழக்கமாக நடப்பதே. நாள் எண்ணுவது ஆலையிலிருந்து புறப்பட்டபோதே தொடங்கியிருக்கும். வாங்கிய இரசீதைக் காட்டிக் கேட்டால் தொடக்க நாளைத் திருத்திக் கொடுப்பது உண்டு. ஆனால் திருத்தியதைத் தளத்தில் கண்ணால் பார்க்கும் வரை நம்பாதீர்கள். அடிப்பாகம் தூக்கிக்கொள்வது புதுக் கீலின் இறுக்கத்தால். உலோகச் சட்டம் இருந்தால் அதனால் கெடுதல் இல்லை.

கணக்கப்பிள்ளை:
திருத்தித் தர மறுத்தால், 36 மாதத்தில் எட்டு மாதம் போயிற்று என்று சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைக்கக் கேளுங்கள். உங்கள் கால் பங்கு வேறுபாட்டில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிட்டால், நானும் அலுவலக வரிசையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

எழுதுகோல்:
கேட்டுவிட்டேன். திருத்தம் அவர்கள் கையில் இல்லையாம். விலையைக் குறைக்க முடியுமா என்று நாளை சொல்கிறார்களாம். குறைத்தால் எடுப்பேன். குறைக்காவிட்டால் அதே வகையை வேறு விற்பனையாளரிடம், வரிசை எண்ணை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து எடுப்பேன்.