மறு: செராமிக் அப்ரேசிவ் – தமிழில் என்ன சொல்லலாம்?

> “பீங்கான் உராய்மணி” என்றே வைத்துவிடலாமே?

உலோகத்தைத் தேய்க்கும் சாணைக்கல்லிலும் டிஸ்க்கிலும் இருக்கும் ஒருவகை வெட்டுமணிதான் செராமிக் அப்ரேசிவ். அதற்குப் ‘பீங்கான்’ வேண்டாம் என்பேன். சாணைக்கல்லில் வெட்டும் மணி வேறு, மணிகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு வேறு. சூளையில் சுட்டெடுக்கும் பிணைப்பும் பீங்கான் வகைதான். வெட்டுமணியாகப் பயன்படும் பழைய பழுப்பு அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) அதே இனம். நம் சேர்வராயன் மலையில் வெட்டினார்களே, அந்த பாக்சைட்டு வகைக் கனிமத்தை மின்வில் உலையில் ஏறத்தாழ 2000 பாகை செல்சியசில் உருக்கி, ஆறியதும் உடைத்து எடுப்பது. எல்லாமே பீங்கான் என்றால் பெயர் எதைப் பிரித்துக் காட்டும்?

1980களில் 3எம், நார்ட்டன் நிறுவனங்கள் கொண்டுவந்த புதிய மணியை, அதாவது நாம் பெயர் தேடும் செராமிக் மணியை, உருக்குவதில்லை. அலுமினாக் கூழை உலர்த்தி, அதைவிடக் குறைந்த சூட்டில் சுடுகிறார்கள். அதனால் ஒரு மணிக்குள் மைக்ரானுக்கும் சிறிய படிகங்கள் நெருக்கியடித்து நிற்கும்.

இதன் பலனை சேலம் இரும்பாலைப் பக்கம் ஏதாவது எவர்சில்வர் பட்டறையில் பார்க்கலாம். வெல்டிங் தையலைப் பழைய வகை மணி பதித்த டிஸ்க்கால் தேய்த்தால், கொஞ்ச நேரத்தில் மணிகளின் முனை தட்டையாகிப் பளபளக்கும். அப்புறம் வெட்டாது, வழுக்கும். எவர்சில்வர் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. சூடு அங்கேயே தங்கித் தகடு நீலம் பூத்துவிடும். புதிய மணியோ முனை மழுங்கும்போதே துணுக்குத் துணுக்காக உதிர்ந்து, அடியிலிருந்து புதுக்கூர் காட்டும். பழைய மணியும் உடையும்தான், ஆனால் பெரிய சில்லாக. பாதி மணியே போய்விடும்.

‘தற்கூர்மணி’ என்று இன்னொரு நண்பர் எழுதியது காதுக்கு இனிமை. ஆனால் ‘தன்’ என்பது பொய். போதிய அழுத்தம் கொடுத்தால்தான் இது முறியும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோமே என்று மெல்லத் தடவினால் இதுவும் மழுங்கி வழுக்கும். தானாகவே கூராகும் என்று படித்துவிட்டு வரும் ஐடிஐ மாணவர் செய்யப்போவதும் அதைத்தான்.

என் பரிந்துரை: நுண்முறி மணி. நுண்முறி வட்டு, நுண்முறிச் சாணை என்று நீட்டவும் வரும். ‘முறி’ என்றால் பழைய பத்திரம் நினைவுக்கு வருகிறது என்பவர்களுக்கு ‘நுண்ணுடை’யும் இருக்கிறது, எனக்கு அது ஆடை மாதிரிக் கேட்கிறது.

கடையில் ‘செராமிக் டிஸ்க்’ என்றே கேட்கட்டும், அதில் சண்டை இல்லை. பாடநூலுக்குத்தான் இது. அப்படியே, முனை தட்டையாகிப் பளபளப்பதைப் பட்டறையில் ‘கிளேஸ் ஆயிடுச்சு’ என்கிறார்கள். அதற்கு ‘மழுங்கல்’ போதுமா, பளபளப்பும் பெயரில் வர வேண்டுமா?